பாரத்தோடு வரும் நடுக்கம்

2014ஆம் ஆண்டு மே மாதம் இருபதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடத்துக்கு அது தொடங்கியது. என் கையில் புதிதாகக் கட்டிய மணிக்கூடு இருந்ததால் நேரம் எனக்குத் தெரியும். சீனக்குடாவைத் தாண்டியதும் எங்கள் பிக்கப்பின் அடியிலிருந்து, அம்மிக்கும் குழவிக்கும் நடுவே கருங்கல் அகப்பட்டதுபோல ஒரு சத்தம் எழுந்தது. பின்சில்லுகள் இரண்டும் ஒருமுறை இறுகி, விட்டு, மறுபடி இறுகின. சின்னம்மா வண்டியை வீதியோரப் புல்லுக்கு உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். இயந்திரத்தை அணைக்காமல், கியரைப் போட்டு மெல்லக் கிளச்சை விட்டுப் பார்த்தார். இயந்திரம் ஓடியது, வண்டி அசையவில்லை.

"சரி" என்றார். இயந்திரத்தை அணைத்தார்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த என் வயதுக்காரருக்காக இதை எழுதுகிறேன். பேருந்தின் மிதிபலகையிலும் மீன்பெட்டி லொறிகளின் முன்னாசனத்திலும் வந்து, முதற்பாடம் முழுவதும் வெள்ளைச் சீருடையில் அந்த மணத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். நான் தயிரோடு வந்தவள். கட்டைபறிச்சானில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் அம்மா எருமைப்பாலில் தயிர் போடுவார். அம்மாவின் தங்கையான சின்னம்மா, விடியுமுன் சட்டிகளைப் பிக்கப்பில் ஏற்றி, மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலை நகரக் கடைகளுக்குக் கொண்டுபோவார். போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். அப்பா வன்னியில் வீதி வேலைக்குப் போயிருந்தார். மாதத்தில் ஒரு தடவை வருவார். ஆகவே எங்கள் வீட்டில் நாள் என்பது பாலின் நேரப்படிதான் நடந்தது. முற்பகலில் எருமைக்காரர் பால் கொண்டுவருவார். பின்னேரம் அது காய்ந்து ஆறும். இருள் கவியும் மம்மல் பொழுதில் உறை விடப்பட்டுச் சட்டிகளுக்குள் போகும். அதன் பிறகு தயிர் உறையும்வரை அந்தக் கொட்டிலுக்குள் யாரும் அடியெடுத்து வைப்பதில்லை.

பிக்கப் சின்னம்மாவின் உழைப்பில் வந்தது. குவைத்தில் ஒரு வீட்டில் அவர் வேலைசெய்த காலத்தில் அனுப்பியதைக் கொண்டு மாமா அதை வாங்கினார். வாங்கும்போது சின்னம்மா நாட்டில் இல்லாததால் மாமாவின் பெயரிலேயே பதிந்தார்கள். மாமா இந்த இரு சகோதரிகளுக்கும் மூத்தவர். பக்கத்து வளவில் இருந்தார். வயலும் உழவு இயந்திரமும் வைத்திருந்தார். திரும்பி வந்த சின்னம்மா சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துத் தானே வண்டியை ஓடத் தொடங்கினார். அந்த வீதியில் பிக்கப் ஓடிய வேறொரு பெண்ணை நான் அப்போது கண்டதில்லை. மறிக்கும் பொலிஸ்காரர்கள் அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பார்கள்; பிறகு அவர் முகத்தைப் பார்ப்பார்கள்; பிறகு மறுபடி அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பார்கள்.

அன்று உடைந்தது பின்னச்சின் டிஃபரன்ஷியல். பின்னச்சின் நடுவே குடம்போல உருண்டு தொங்குகிற இரும்புக் கூட்டுக்கு அந்தப் பெயர். இயந்திரத்திலிருந்து வண்டியின் நீளத்துக்கு ஓடிவரும் தண்டின் சுழற்சியைப் பக்கவாட்டுக்குத் திருப்பி, இரு பின்சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. பல கிழமைகளாக அது ஊளையிட்டுக்கொண்டிருந்தது. சின்னம்மா சொன்னபோதெல்லாம், பழைய வண்டி என்றால் கொஞ்சம் பாடத்தான் செய்யும் என்று மாமா சொல்லியிருந்தார்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோன கராச், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, தரை முழுவதும் எண்ணெய் ஊறி இறுகிய கறுத்த மண். பின்பக்க வேலிக்கு மேலாகக் கடற்படைக் கப்பல்களின் கொடிக்கம்பங்கள் தெரியும். நடத்தியவர் குறிஞ்சாக்கேணிக்காரர், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றே அழைத்தார்கள். பள்ளி விட்டதும் நான் அங்கே போய், கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சின்னம்மாவோடு காத்திருப்பேன். நானா கூட்டின் மூடியைக் கழற்றியபோது வந்த மணத்தை வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை: கருகிய எண்ணெயும் பழைய நாணயமும் சேர்ந்தது போன்றது. உள்ளே எண்ணெய் மீன்செதில் மினுங்குவதுபோல மினுங்கியது. பற்சக்கரத்தின் சில பற்கள் அடியோடு இல்லை.

சக்கரங்களை மட்டும் மாற்றினால் அவற்றின் இடைவெளியைச் சரியாகப் பிடிப்பது கரைச்சல் என்றார் நானா. இதே வகைப் பிக்கப் ஒன்று எங்கோ உடைத்துப் பிரிக்கப்பட்டிருந்தது. அதன் பின்னச்சை முழுதாகக் கொண்டுவந்து பூட்டினார். பூட்டி முடிந்ததும் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதியில் ஒருமுறை ஓடிவந்தார்.

"கேட்டுப் பாருங்க தங்கச்சி. இப்ப ஊசி விழுந்தாக் கேக்கும்."

உண்மைதான். ஊளை முற்றாக நின்றிருந்தது. அந்த அமைதி எங்களை ஏமாற்றியது என்பது சில நாட்களில் தெரிந்தது.

எங்கள் தயிரை வாங்கிய சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றின் முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. சட்டி வந்ததும் கட்டியிருக்கும் தாளை அவிழ்த்து, வாடிக்கையாளர் பார்க்க, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார். தயிர் விழாது. விழாத தயிரை ஒரு வித்தைபோலச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். அன்று வழக்கம்போலக் கவிழ்த்தார். தயிர் பிளந்து, இடையிலிருந்த பச்சைத் தண்ணீர் அவருடைய முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் போயிற்று. வாடிக்கையாளர் ஒருவர் கை தட்டினார்.

முதலாளி சிரிக்கவில்லை. "இதென்ன பிள்ளை, தயிரோ மோரோ?" என்று சின்னம்மாவிடம் கேட்டார்.

அன்றைக்குச் சட்டிகளில் பாதி அப்படி இருந்தன. அடுத்த நாள் இன்னும் கூட.

நடுக்கத்தை நாங்கள் உணரும் முன்பே தயிர் உணர்ந்துவிட்டது. அதன் பிறகு கவனித்துப் பார்த்தபோது எங்களுக்கும் தெரிந்தது. அது குலுக்கம் அல்ல. குலுக்கத்தைத் தயிர் தாங்கும். இது தரையிலிருந்து எழும் மெல்லிய, விடாத ஒரு நடுக்கம். என் கால்விரல்களில் தொடங்கி, கணுக்காலில் ஏறி, பற்களில் வந்து நிற்கும். பக்கக் கண்ணாடியில் தெரியும் வீதி இரண்டாகும். மூதூர்ப் பக்கத்துக் கரடுமுரடான வீதியில் அது மறைந்திருக்கும். கிண்ணியாப் பாலத்தின் வழுவழுப்பான பரப்பில் வண்டி வேகம் பிடித்ததும் எழும்பும். மெதுவாக ஓடினால் நடுக்கம் இல்லைதான். ஆனால் அது சூடான கச்சான் காற்று தொடங்கிய காலம். வெயில் ஏறுமுன் நகரம் சேராவிட்டால் தயிர் புளித்துவிடும். கடைகளும் காத்திருக்க மாட்டா.

சின்னம்மா பிக்கப்பை மறுபடி கராச்சுக்குக் கொண்டுபோனார். பிறகு மறுபடியும், மறுபடியும். சில்லுகளுக்குச் சிறு ஈயத்துண்டுகள் அடித்துச் சமநிலை பார்த்தார்கள். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றினார்கள். நீண்ட தண்டைக் கழற்றிக் கடைசல்காரரிடம் அனுப்பி, வளைவு இருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்தார்கள். தண்டின் இரு நுனிகளிலும் இருக்கும் சிலுவை வடிவ மூட்டுகளைப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நானா தானே ஏறி ஓடிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி நடுங்கவில்லை.

"நீங்க செல்ற நடுக்கம் எனக்கு வருதில்லையே தங்கச்சி" என்றார் கடைசியில், மனவருத்தத்தோடு. அவர் பொய் சொல்பவர் அல்லர். சின்னம்மாவும் அல்லர். இருவருக்கும் நடுவே பிக்கப் மாசற்றதுபோல நின்றது.

வீட்டில் மாமா தன் தீர்ப்பைச் சொல்லும் முன் ஒரு சோதனையும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாசலில் நின்ற பிக்கப்பின் முன்பலகையில் தேநீர்க் கிளாஸ் ஒன்றை வைத்து, பாலம்வரை ஓடிவிட்டு வந்தார். கிளாஸைக் கையில் பிடித்தபடி இறங்கினார். தேநீர் குறையவில்லை.

"வண்டியில ஒண்டும் இல்ல" என்றார். "கிளச்சில காலை வச்சுக்கொண்டே ஓடினா எந்த வண்டியும் உதறத்தான் செய்யும். நான் உன்னைக் குறை சொல்லேல்ல. பழகினது அப்பிடி."

மாமியின் உறவில் ஒரு பொடியன் கொழும்பில் லொறி ஓடியவன், இப்போது ஊரோடு வந்து நிற்கிறான் என்றும், அவனிடம் வண்டியின் திறப்பைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். சின்னம்மா கொட்டிலில் அம்மாவுக்கு ஒத்தாசையாக நிற்கலாம், வயதும் போகிறது, ஊரும் கதைக்கிறது. இவற்றை மாமா கடுமையாகச் சொல்லவில்லை. தலைவலிக்கு மருந்து சொல்வதுபோலச் சொன்னார். சின்னம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குவைத்தில் அவருடைய பதினொரு மணிநேர வேலையை, அவர் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நடத்தினார்களாம். ஊருக்கு வந்து திறப்பைத் திருகிய முதல் நாள்தான் தனக்கு மூச்சு வந்தது என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அது கைவிட்டுப் போகப்போகிறது என்பது எனக்குப் புரிந்தது. பதினொரு வயதில் புரிந்துகொள்ள அது போதுமான அளவு எளிமையாக இருந்தது.

அதன் பிறகு சின்னம்மா ஓரிடத்தில் இருக்கவில்லை. உமி அடைத்த சாக்குகளைத் தைத்துச் சட்டிகளுக்கு அடியில் பரப்பினார். ஒருநாள் பாதிச் சட்டிகளோடு மட்டும் போனார். ஒருநாள் எல்லாச் சட்டிகளையும் முன்புறம் நெருக்கி அடுக்கினார். சாப்பிடும்போது எழுந்துபோய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ஓடும்போது என்னை வேகமானியைப் பார்க்கச் சொன்னார். கால்விரலில் நடுக்கம் தொடங்கும் எண்ணையும் நிற்கும் எண்ணையும் நான் உரக்கச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் தொடங்கியது. அறுபதை நெருங்கும்போது உச்சத்துக்குப் போனது. திரும்பி வரும்போது அதே பாலத்தில், அதே வேகத்தில், ஒன்றும் இல்லை.

ஒருநாள் பாலத்தின் இறக்கத்தில் சின்னம்மா வண்டியை ஓரங்கட்டினார்.

"மகள், வரேக்க என்ன இல்லை?"

"தயிர் இல்லை."

"ஓம். பாரம் இல்லை" என்றார்.

அன்றே நானாவிடம் போய்ச் சொன்னார்: பாரம் ஏற்றினால் மட்டும்தான் நடுங்குகிறது. நானா பொறுமையாகச் சிரித்தார். பாரம் ஏறினால் வண்டி அமரும், ஆடாது என்றார். வெறும் வண்டிதான் துள்ளும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் ஆம் என்றும் இல்லை என்றும் காட்டாமல் நிலத்தைப் பார்த்தேன்.

இப்போது யோசிக்கையில், அந்தப் பிழை ஒருவருடையது அல்ல என்று தெரிகிறது. எங்கள் பக்கத்தில் யாரும் பாரத்தோடு ஒரு வண்டியைக் கராச்சுக்குக் கொண்டுபோவதில்லை. இறக்கி, பின்பலகையைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோவதே மரியாதை. அதிலும் தயிர் வண்டி என்றால் புளிச்ச மணம் அடிக்கும். சின்னம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். தயிர் விடியுமுன் ஏறும். எட்டு மணிக்கு முன் இறங்கிவிடும். கராச் ஒன்பதுக்குத்தான் திறக்கும். நோயாளி நோயை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் போனதுபோல, நாங்கள் அத்தனை தடவையும் நடுக்கத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை மாமா சொன்ன புதிய சாரதி பரீட்சைக்கு வந்தான். வாசனை எண்ணெய் பூசிச் சீவிய தலை. கையில் தன்னுடைய சொந்தத் துவாய்த் துண்டு. சின்னம்மா பின்னால் சட்டிகளோடு இருந்தார். நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் நன்றாகவே ஓடினான். கிளச்சில் கால் வைக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் வண்டி நடுங்கியது. அவன் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான். நகரத்தில் சட்டிகளைத் திறந்தபோது, எப்போதையும்விட அதிகமாக உடைந்திருந்தன.

இனி மாமாவுக்கு உண்மை தெரியும் என்று நான் நம்பினேன். ஒரு ஆண் ஓடியும் தயிர் உடைந்துவிட்டதே. அன்று பின்னேரம் மாமா கொட்டிலுக்குள் வந்து, சட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, மிகுந்த யோசனையோடு சொன்னார்:

"இது உறையில பிழை. ஓடுறதில இல்ல. உன்ர கை இப்ப முந்தின மாதிரி இல்லப் பிள்ளை."

அதை அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா விறகைத் தள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமை நல்ல நாள். அன்று முதல் அவனே ஓடட்டும், தான் வாக்குக் கொடுத்துவிட்டதாக மாமா சொன்னார். சின்னம்மாவுக்கு இன்னும் சில காலைகள் இருந்தன.

வியாழக்கிழமை அவர் என்னைப் பள்ளியில் இறக்கவில்லை. வாசலைத் தாண்டி வண்டி போனது. பள்ளிக்கூடம் என்று நான் சொன்னேன். "இண்டைக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். கடைகளையும் தாண்டினோம். சாப்பாட்டுக் கடை முதலாளி வாசலில் நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. சட்டிகள் அனைத்தோடும் மூடிய கராச்சின் தகரக் கதவுக்கு முன்னால் போய் நிறுத்தினோம். அன்றைய விற்பனை போய்விட்டது என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. சின்னம்மா இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்தார். ஏறினார். மறுபடி இறங்கினார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நானா சைக்கிளில் வந்தார். ஏற்றியபடி நின்ற பிக்கப்பைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "இறக்கிட்டு வந்திரிக்கலாமே தங்கச்சி."

"இறக்கினா அது வராது நானா. பின்னுக்கு ஏறுங்க. சட்டியோட இருங்க."

அவர் சின்னம்மாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். கண்டி வீதியில் சீனக்குடாப் பக்கமாக ஓடினோம். நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து என்று நான் உரக்கச் சொன்னேன். பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். நானா சட்டிகளுக்கு நடுவே முழந்தாளிட்டு, இரு உள்ளங்கைகளையும் பலகையில் பதித்து, கண்களை மூடியிருந்தார். தாள்களின் ஓரத்தால் தண்ணீர் கசிந்து அவர் கைகளை நனைத்தது.

கராச்சுக்கு வந்து இறங்கியதும் அவர் கைகளைச் சாரத்தில் துடைத்தார். வேலையாட்களைச் சட்டி இறக்க விடவில்லை. திரை வெடித்த தன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு, பாரத்தோடு நின்ற வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே போனார். அந்தத் தொலைபேசியைச் சாய்வு காட்டும்படி செய்து, தண்டின்மீதும் அது வந்து பொருந்தும் டிஃபரன்ஷியலின் மூக்கின்மீதும் வைத்து, பாகைகளை உரக்கப் படித்தார். பிறகு சட்டிகளையெல்லாம் இறக்கி நிழலில் வைக்கச் சொன்னார். மறுபடி உள்ளே போய் மறுபடி படித்தார். வெளியே வந்து நிலத்தில் இருந்துகொண்டார்.

"மூக்கு பிழையாப் பாக்குது" என்றார்.

அவர் விளக்கியதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். நீண்ட தண்டின் முன்மூட்டும் பின்மூட்டும் ஒரே அளவு மடங்கியிருந்தால் ஒன்றின் அசைவை மற்றது சரிசெய்துவிடும், வண்டி நடுங்காது. நாங்கள் பூட்டிய பின்னச்சு, அதே வகைப் பிக்கப்பின் வேறொரு வருடத்தது. பாரம் தாங்கும் இரும்பு வில்லின்மேல் அது அமரும் இடம் சற்றுச் சாய்வாக உருக்கி ஒட்டப்பட்டிருந்தது; அதனால் மூக்கு வேறு திசையைப் பார்த்தது. வெறும் வண்டியில் தற்செயலாக இரண்டு மூட்டுகளும் ஒத்து நின்றன. பாரம் ஏறி வண்டி தாழ்ந்ததும் அந்த ஒற்றுமை கெட்டது. வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புப்போலச் சரிவாக வெட்டிய இரும்புத் தகடு வைத்தால் மூக்கு நேராகும்.

"இவ்வளவு காலமாப் பிக்கப் பாக்குறன். ஒருத்தரும் பாரத்தோட கொண்டு வரல்ல" என்றார். "நீங்க வந்து செல்லியும் நான் கேக்கல்ல தங்கச்சி. பிழை என்ட பிழை."

கடைசல்காரர் ஆப்புகளை வெட்டி முடிக்கப் பின்னேரமாயிற்று. இதற்கிடையில் உடைந்த தயிர் முழுவதும் அந்த ஒழுங்கைச் சந்தில் இருந்தவர்களிடம் போய்விட்டது. கராச்சின் வேலையாட்கள், டயர்க் கடைக்காரர், கதிரை பின்னுகிறவர், எல்லோரும் சீனி போட்டுக் குடித்தார்கள். தண்ணீர் விட்டாலும் ருசியில் குறையில்லை, கையில் பிழையில்லை என்று ஒருவர் சொன்னார். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அதை மனத்தில் குறித்துக்கொண்டேன். சொன்னேனா என்று நினைவில்லை. தகடுகளைப் பூட்டியதும் நானா, மணல் மூட்டைகளையும் தன் வேலையாட்களையும் பின்னால் ஏற்றி, சின்னம்மாவையே ஓடச் சொன்னார். திரும்பி வந்ததும் வேலையாட்களில் ஒருவன் பின்பலகையில் நித்திரை கொள்வதுபோல நடித்துக் காட்டினான். நானா சிரித்தார். பிறகு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததையெல்லாம் தன் வாயாலேயே சொன்னார்.

ஆகவே நாங்கள் வீடு சேர்ந்தபோது மாமாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாசலில் நின்றார். சின்னம்மா இறங்கியதும் கையை நீட்டினார்.

"நல்ல விசயம். இனி டிறைவருக்கும் கரைச்சலில்ல."

சின்னம்மா திறப்பைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கழுவி வைத்திருந்த வெறுஞ்சட்டிகளைக் கொட்டில் தரையில் வரிசையாகப் பரப்பத் தொடங்கினார். அவருடைய கைகள் ஒரு சட்டியைக்கூட ஓசைப்பட வைக்கவில்லை. நான் அங்கே நின்று, யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்மீது பிழையில்லை என்று நிரூபித்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். நிரூபித்தாயிற்று. ஒன்றும் மாறவில்லை.

அம்மா பெரிய பானைக்கு முன்னால் குந்தியிருந்தார். பால் காய்ந்து ஆறிக்கொண்டிருந்தது. சின்னவிரலை அதற்குள் விட்டுப் பார்த்தார்; எடுத்தார். உறைத்தயிர்க் கோப்பை பக்கத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை.

"அண்ணா, பால் பதமா இருக்கு. இனி ஆறிப்போகும்."

"அப்ப விடன் உறையை."

"நாளைக்கு ஆர் ஓடுறது?"

"அதுதான் சொன்னனே. வாக்குக் குடுத்திட்டன்."

"அப்ப நான் விடேல்ல."

மாமா சிரித்தார். விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தார். இவ்வளவு பாலையும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். குடிப்போம் என்றார் அம்மா. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வாளி கொண்டுபோகச் சொன்னார். குரல் உயரவில்லை. திரும்பக் காய்ச்சலாமே என்றார் மாமா. திரும்பக் காய்ச்சிய பாலில் போட்ட தயிரை நகரத்தில் ஒருவரும் இரண்டாம் தரம் வாங்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னார். அது மாமாவுக்கும் தெரியும்.

மாமா பானைக்குள் எட்டிப் பார்த்தார். வெளியே போய் வேலிப் பக்கம் நின்றார். திரும்பி வந்தார். பாலின்மேல் ஆடை சுருங்கத் தொடங்கியிருந்தது. அம்மா மறுபடி விரலை விட்டுப் பார்த்தார்.

"நீ இப்பிடிச் செய்யிற ஆள் இல்லையே" என்றார் மாமா.

"இவளின்ர கால் பிழையெண்டு சொன்னீங்க. நான் கதைக்கேல்ல. என்ர கை பிழையெண்டு சொன்னீங்க. அதுக்கும் கதைக்கேல்ல. இப்ப வண்டி பிழையெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சாப் பிறகும் திறப்பு அவனுக்குத்தான் எண்டா, அண்ணா, பிழை வண்டியிலயும் இல்லத்தானே."

மாமா கையிலிருந்த திறப்பைத் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்லர். சோர்ந்துபோனவராகத்தான் எனக்கு அப்போது தெரிந்தார். இப்போதும் அப்படியே தெரிகிறார். தன் சொல்லை ஊருக்கு முன்னால் திரும்ப எடுக்கத் தெரியாத ஒரு மனிதர். தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"தம்பி, நாளைக்கு வர வேண்டாம்... இல்லையில்லை, அப்பிடியொண்டும் இல்ல. வண்டிக்கு இன்னும் வேலை இருக்காம். முடிஞ்சதும் சொல்லுறன்."

உள்ளே வந்து, திறப்பைச் சட்டி அடுக்கின்மேல் வைத்தார். யாரையும் பார்க்காமல், வண்டிக்கு இன்னும் வேலை இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன் என்றார். போகும்போது பால் வாளியைக் கொண்டுபோகவில்லை. அந்த வேலை முடிந்ததென்று அவர் அவனுக்கு இன்றுவரை சொல்லவில்லை. பிக்கப்பின் பதிவும் இன்றுவரை அவருடைய பெயரிலேயே இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. ஆனால் சின்னம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அம்மா உறையைக் கரைத்து விட்டார். நாங்கள் மூவரும் விரைவாக ஊற்றினோம். சிறிது பிந்திவிட்டது என்று அம்மா சொன்னார். சாக்குகளால் சட்டிகளைப் போர்த்தார். சின்னம்மா கடைசிச் சட்டிக்குத் தாள் கட்டிய பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு திறப்பை எடுத்தார்.

அடுத்த நாள் காலை நான் அவருக்குப் பக்கத்தில் ஏறினேன். பாலத்தில் என்ன நடக்கிறது என்று சரியாக அறிய வேண்டும் என்ற தீர்மானத்தோடு சப்பாத்துகளைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டேன். வேகமானியில் கண் வைத்தேன். மூதூர்ச் சந்தி தாண்டியது நினைவிருக்கிறது. அதன் பிறகு சின்னம்மா என் தோளைத் தட்டி, "இறங்கு மகள்" என்றார். நித்திரையால் கண் திறக்கவில்லை. பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன்.